செராமிக் கல்லில் கத்தி தீட்டும்போது பிசிறை நீக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீட்டி முடித்த அன்று கத்தி செய்தித்தாளைச் சரசரவென்று வெட்டுகிறது. இரண்டு நாள் போனால் தக்காளித் தோலில் வழுக்குகிறது. உடனே "எஃகு மட்டம்" என்று கத்தியின் மேல் பழி விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் எஃகின் மேல் குற்றமே இல்லை. வாயில் பிசிறு மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். செராமிக் கல்லிலோ செராமிக் கம்பியிலோ தீட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சற்றுக் கூடுதல். சமையலறைக் கத்தியைத் தாமே தீட்டிக்கொள்ளத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பிசிறு என்பது சரியாக என்ன?

இரண்டு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் கோடுதான் கத்தியின் வாய். ஒரு பக்கச் சரிவை மட்டும் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது மறுபக்கச் சரிவை எட்டிவிடும். அந்த இடத்தில் எஃகு மிக மெல்லியதாகிவிடுவதால், கல் அதைச் சீவி எடுப்பதற்குள் அது மடங்கிக்கொள்ளும்; கல் படாத பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த மெல்லிய மடிப்பே பிசிறு. முரட்டுக் கல்லில் அது சில பத்து மைக்ரான் வரை வளரும், நயமான கல்லில் சில மைக்ரான் அளவில் நிற்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், எவ்வளவு சிறிய பொருளோடு மல்லுக்கு நிற்கிறோம் என்பது விளங்கும்.

பிசிறு வருவது நல்ல அறிகுறி. சரிவு வாய் வரை வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிசிறே எழாமல் தீட்டி முடித்த மொக்கைக் கத்தி, பெரும்பாலும் வாய்க்குச் சற்று மேலே மட்டும் தேய்ந்திருக்கும். வாய் பழையபடி மழுங்கியே கிடக்கும். ஆகவே முதலில் பிசிறை வரவழைக்க வேண்டும், பிறகு அதைச் சுவடில்லாமல் நீக்க வேண்டும். முதல் பாதி எளிது. இந்தப் பக்கம் முழுவதும் இரண்டாம் பாதியைப் பற்றியது.

நீக்காமல் விட்டால் என்ன? கத்தி வெட்டத்தானே செய்கிறது?

வெட்டும். அதுதான் ஏமாற்றுகிறது. கடைசி இழுப்புகளில் பிசிறு செங்குத்தாக நிமிர்ந்து நின்றுவிட்டால், அதன் நுனி உண்மையான வாயைவிட மெல்லியது. தாளை அழகாக வெட்டும், கை முடியைக்கூட மழிக்கும். ஆனால் தீட்டும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமுறை மடங்கிச் சோர்ந்துபோன உலோகம் அது. வெட்டுப்பலகையில் நாலு வெங்காயம் நறுக்குவதற்குள் சாய்ந்துவிடும் அல்லது பிய்ந்துவிடும். சாய்ந்தால் வாய் உருண்டையாகிறது. பிய்ந்தால் பிய்ந்த இடம் மேடுபள்ளமாக நிற்கிறது. இரண்டிலும் கத்தி மொக்கைதான்.

மற்றக் கற்களில் இல்லாத சிக்கல் செராமிக்கில் ஏன் வருகிறது?

செராமிக் என்ற பெயரில் இரண்டு வகைக் கற்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூளை அழுத்தி, மிக அதிக வெப்பத்தில் சுட்டு ஒரே கட்டியாக இறுக்கியது. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ விற்கும் முக்கோணக் கம்பிகளும் பலகைக் கற்களும், சமையலறைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் செராமிக் கம்பிகளும் இந்த வகை. இரண்டாம் வகை, ஜப்பானின் ஷாப்டன் போன்ற நிறுவனங்களின் கற்கள்; இவற்றில் செராமிக் மணிகள் ஒரு பிணைப்புப் பொருளுக்குள் பதிந்திருக்கும், தண்ணீர் தெளித்துத் தீட்ட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் வகைக்கு.

தண்ணீர்க் கல்லில் தேய்க்கத் தேய்க்க மணிகள் உதிர்ந்து சேறாகும். புதுமணிகள் மேலே வரும். அந்தச் சேறு வாயைக் கொஞ்சம் உருட்டினாலும், பிசிறையும் சேர்த்துத் தின்றுவிடும். சுட்ட செராமிக்கில் மணி உதிர்வதில்லை, சேறு வருவதில்லை. மோஸ் அளவுகோலில் 9 என்ற கடினத்தன்மை உள்ள அலுமினா எஃகைச் சீவத்தான் செய்யும். ஆனால் மேற்பரப்பு நாளாக நாளாக வழவழப்பாகி, உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால், சீவுவது குறைந்து அமுக்குவது கூடுகிறது. அப்படி அமுக்கும் கல்லில் பிசிறு வெட்டுப்படுவதில்லை. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் புரள்கிறது, அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் புரள்கிறது. செராமிக்கில் தீட்டுகிறவர்கள் படும் பாட்டில் முக்கால்வாசி இதுதான்.

இதையே திருப்பிப் பார்த்தால் செராமிக்கின் பலமும் தெரியும். கல் குழிவதில்லை, தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம், சேறு இல்லாததால் வாய் உருள்வதில்லை. அழுத்தத்தையும் கோணத்தையும் அறிந்து பிடித்தால் கல்லிலேயே பிசிறை முழுமையாக நீக்கிவிடலாம்.

பிசிறு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல்தான் முதல் கருவி. கத்தியைத் தட்டையாகப் பிடித்து, கட்டைவிரலின் சதையை முதுகிலிருந்து வாயை நோக்கிக் கொண்டுவந்து, வாயைத் தாண்டி வெளியே இழுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. பிசிறு உள்ள பக்கத்தில் விரல் ஒரு மெல்லிய முனைப்பில் இடறும். மறுபக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் இது புலப்படும், ஒரு பக்கம் மட்டும் தடவினால் தெரியாது. நகத்தின் விளிம்பை அதே திசையில் இழுத்தால் விரல் சதைக்குத் தட்டுப்படாததும் தட்டுப்படும்.

பிசிறு சிறுத்துவிட்ட பிறகு விரல் பயன்படாது. அப்போது மேசை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, முதுகை லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சுத்தமான வாய் ஒளியைத் திருப்பாது, இருண்ட கோடாகத் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளியோ வெள்ளி இழையோ மின்னினால் அங்கே பிசிறு சாய்ந்திருக்கிறது, அல்லது அந்த இடம் இன்னும் மொக்கையாக இருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வாயின் பக்கமாக, முதுகிலிருந்து வெளியே இழுத்தாலும் போதும். பிசிறு உள்ள இடத்தில் பஞ்சிழை மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளைத் தொங்கவிட்டுக் கத்தியை நேராகப் பிடித்து வெட்டுங்கள். பிறகு இடப்பக்கம் சற்றுச் சாய்த்து ஒரு வெட்டு, வலப்பக்கம் அதே அளவு சாய்த்து ஒரு வெட்டு. ஒரு சாய்வில் சுலபமாக இறங்கி மறு சாய்வில் தாள் வழுக்கினால், பிசிறு எந்தப் பக்கம் தலைசாய்த்திருக்கிறது என்பதையே கத்தி சொல்லிவிடுகிறது.

தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிச் செய்ய வேண்டும்?

சாதாரண எவர்சில்வர் சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துக்கொள்வது நல்லது. கடினமான ஜப்பானியக் கத்திக்கு 15 போதும். கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால், 20 டிகிரிக்கு முதுகு கல்லிலிருந்து சுமார் 15 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 15 டிகிரிக்குச் சுமார் 12. சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால், கல் வாயைத் தொடுகிறதா, மேலே மட்டும் உரசுகிறதா என்பது மை அழிந்த இடத்திலிருந்து தெரிந்துவிடும்.

முதலில் நடுத்தரக் கல்லில் ஒரே பக்கத்தை மட்டும் தேய்க்கவும். பிடியோரத்திலிருந்து முனை வரை, ஓர் அங்குலம்கூட விடுபடாமல், மறுபக்கம் முழுக்கப் பிசிறு எழும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்தவுடன் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் தேய்த்தால் பிசிறுதான் வளரும், கூர் கூடாது. கத்தியைத் திருப்பி அடுத்த பக்கத்திலும் அதையே செய்யுங்கள். இப்போது பிசிறு முழுவதும் முதல் பக்கத்துக்குப் புரண்டிருக்கும்.

இங்கேதான் பலர் அடுத்த கல்லுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவ வேண்டாம். பெரிய பிசிறோடு நயமான கல்லுக்குப் போனால், அந்தக் கல்லுக்கு அதைச் சீவும் வலு இல்லாததால் அது நாள் முழுக்கப் புரண்டுகொண்டே இருக்கும். அதே நடுத்தரக் கல்லில், அதே கோணத்தில், அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு. மறுபடி பாதியாக்கி மூன்று. பிறகு கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் படும்படி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏழெட்டு இழுப்பு. எண்ணிக்கையைவிட அழுத்தம் படிப்படியாக இறங்குவதே முக்கியம்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி. முதுகை இன்னும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்துங்கள். 45 மில்லிமீட்டர் அகலக் கத்தியில் அது ஏறக்குறைய 3 டிகிரி கூடுதல். அந்தக் கோணத்தில், வாய் முன்னால் போகும்படி, மயிலிறகால் தடவும் அளவு அழுத்தத்தில் பக்கத்துக்கு இரண்டே இரண்டு இழுப்பு, மாற்றி மாற்றி. பழைய கோணத்தில் பிசிறு சரிவோடு சரிவாகப் படுத்துக்கொண்டு கல்லிடமிருந்து தப்பித்துக்கொள்ளும். கோணம் உயர்ந்தால் அதன் அடிவேரே கல்லுக்கு எதிரே வந்துவிடும், அங்கேயே அறுபட்டுவிடும். விளக்கடியில் பார்த்து, வெள்ளை இழை எங்கும் இல்லை என்றால் மட்டும் நயமான வெள்ளைக் கல்லுக்குப் போய், முதலில் வைத்த கோணத்தில் லேசான மாற்று இழுப்புகள், கடைசியில் மறுபடி உயர்த்திய கோணத்தில் ஒன்றிரண்டு. முடிந்தது.

"லேசாக" என்றால் எவ்வளவு லேசாக?

சமையலறைத் தராசின் மேல் ஒரு துணியை விரித்துக் கல்லை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தீட்டிப் பாருங்கள். பிசிறு எழுப்பும் கட்டத்தில் ஒரு கிலோ வரை காட்டலாம். மாற்று இழுப்புகளில் 200 கிராமுக்குள் வர வேண்டும். கடைசி இழுப்புகள் 100 கிராமுக்கும் கீழே. "நான் லேசாகத்தான் தீட்டுகிறேன்" என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் தராசில் ஏறினால் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டுகிறார்கள். சில தடவை தராசைப் பார்த்துக்கொண்டே செய்தால் கைக்கு அளவு பிடிபட்டுவிடும், அதன்பின் தராசு வேண்டாம்.

வாய் முன்னால் போக வேண்டுமா, முதுகு முன்னால் போக வேண்டுமா?

பிசிறை நீக்கும் கட்டத்தில் வாய்தான் முன்னால் போக வேண்டும். கல்லின் மேலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுக்கப் போவதுபோன்ற அசைவு. அப்போது கல் பிசிறை வாயிலிருந்து முதுகை நோக்கித் தள்ளுகிறது, பிசிறுக்கு நீள இடமில்லை. முதுகை முன்னால் விட்டு இழுத்தால் உலோகம் வாயிலிருந்து வெளிப்புறமாக இழுபட்டு, பார்வைக்கே தெரியாத மெல்லிய தகடாக நீளும். பிசிறு எழுப்பும் முதல் கட்டத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பதில் தவறில்லை.

எத்தனை இழுத்தாலும் பிசிறு பக்கம் மாறுகிறதே தவிரப் போகவில்லை. என்ன செய்வது?

முதலில் கல்லைப் பாருங்கள். கறுத்துப்போய் மினுமினுத்தால் அது சீவவில்லை; கழுவிவிட்டு வந்து தொடருங்கள். அடுத்து அழுத்தத்தைப் பாருங்கள். அடுத்து, முதுகை உண்மையிலேயே உயர்த்தினீர்களா என்று மார்க்கர் மையால் சோதியுங்கள். சோர்வில் கை தாழ்ந்துகொண்டே போவது எல்லோருக்கும் நடக்கும்.

மூன்றும் சரியாக இருந்தும் போகவில்லை என்றால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு காரியம் செய்யலாம். நயமான கல்லின் விளிம்பில் கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, கல்லையே அறுக்கப் போவதுபோல, எடையே இல்லாமல் ஒரே ஒரு முறை முழு நீளத்துக்கும் இழுங்கள். பார்க்கப் பதறும். கூர் கொஞ்சம் போகத்தான் செய்யும்; ஆனால் சோர்ந்த உலோகம் முழுவதும் அதோடு போய்விடும். விளக்கடியில் இப்போது மயிரிழை போன்ற சீரான வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு மறையும்வரை மட்டும், லேசான மாற்று இழுப்புகளால் இரண்டு பக்கமும் தீட்டுங்கள், மறைந்தவுடன் நிறுத்துங்கள். இந்த முறை பெரிய பிசிறு எழ வாய்ப்பே தராமல் வாய் சேர்ந்துவிடும். மெத்தென்ற எஃகுக் கத்திகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

மரத்துண்டிலோ பாட்டில் தக்கையிலோ இழுத்துப் பிசிறைப் பிய்த்துவிடலாம் என்கிறார்களே?

பிய்ந்துவிடும், உண்மைதான். பெரிய பிசிறைப் பிய்த்தால் வேரோடு கொஞ்சம் நல்ல உலோகமும் கிழிந்து வரும், வாய் ரம்பம்போல் ஆகும். கல்லில் நன்றாகச் சிறுத்துவிட்ட பிசிறின் மிச்சத்தை எடுக்க, மென்மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒருமுறை லேசாக இழுப்பது பரவாயில்லை. அதற்குப் பிறகும் கல்லில் இரண்டு மாற்று இழுப்பு கொடுங்கள்.

தீட்டிய வாயை இழுத்து மெருகேற்றும் தோல்வார் அவசியமா?

சமையல் கத்திக்கு அவசியம் இல்லை. கல்லில் பிசிறைச் சரியாக நீக்கியவருக்கு அது மெருகு; நீக்காதவருக்கு அது ஒரு திரை. வெறும் தோலில் இழுத்தால் மிச்சப் பிசிறு நிமிர்ந்து நின்று, கூர் வந்துவிட்டதாகக் காட்டும்.

வைத்துக்கொள்ள விரும்பினால், மெல்லிய, அதிகம் அமுங்காத தோலை மரப்பலகையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடுப் பசையோ 1 மைக்ரான் வைரப்பசையோ பூசிக்கொள்ளுங்கள். முதுகு முன்னால் போகும்படி மட்டும் இழுக்க வேண்டும், இல்லையென்றால் தோல் அறுந்துவிடும். பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து இழுப்பு, தீட்டிய கோணத்துக்கு மேல் போகாமல். தோல் அமுங்கினால் வாயைச் சுற்றிக்கொண்டு அதை உருட்டிவிடும். தோல் இல்லாதவர்கள் செராமிக் கல்லின் மேலேயே ஒரு தாள் செய்தித்தாளை இறுக்கிப் போர்த்தி இழுக்கலாம். அடியில் கல் இருப்பதால் அமுங்காது. பசை பூசியதில் இழுத்த கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய்கறியில் வைக்க வேண்டும்.

எல்லா எஃகிலும் பிசிறு ஒரே மாதிரிதானா?

இல்லவே இல்லை. ஒரே கல்லில் ஒரே கையால் தீட்டினாலும் எஃகுக்கு எஃகு மாறும்.

ஜெர்மானிய வகைச் சமையல் கத்திகளில் பெருவாரியாகப் பயன்படும் 1.4116 என்ற எஃகில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். ராக்வெல் அளவில் 55-ஐ ஒட்டிய கடினத்தன்மை. இது இளகிய எஃகு. பிசிறு பெரிதாக எழும், ஒடியாமல் வளைந்துகொடுக்கும். விலை குறைந்த எவர்சில்வர் கத்திகள் இன்னும் மெத்தென்று இருப்பவை. இவற்றுக்கு 20 டிகிரிக்குக் குறையாத கோணமும், மேலே சொன்ன செங்குத்து இழுப்பும் கைகொடுக்கும்.

ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில் டகேஃபு நிறுவனம் உருக்கும் விஜி-10 கடினமானதுதான், 60-ஐத் தொடும். ஆனாலும் பிசிறை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அதே ஜப்பானின் ஷிரோகாமி கார்பன் எஃகில் பிசிறு சிறியதாக எழுந்து, நாலைந்து மாற்று இழுப்பில் போய்விடும். லாரி வில்பட்டையில் அடித்த நம் ஊர் அரிவாள், வெட்டுக்கத்தி வகைகளும் கார்பன் எஃகுதான். கொல்லர் கொடுத்த பதத்தைப் பொறுத்து ஒன்றுக்கொன்று வேறுபடும்.

வனேடியம் அதிகம் சேர்த்த எஃகுகள் தனி ரகம். எஸ்30வி-யில் அது 4 சதவீதம், எஸ்90வி-யில் 9 சதவீதம். வனேடியம் எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் கார்பைடு மணிகள் அலுமினாவைவிடக் கடினமானவை. செராமிக் கல் அந்த மணிகளை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் எஃகை மட்டும் அமுக்கி மெழுகும். இத்தகைய கத்திகளை வைரத் தகட்டில் தீட்டிப் பிசிறு நீக்குவதே சரி.

வி வடிவத்தில் கம்பிகள் நிற்கும் சாதனத்தில் எப்படி?

கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இறக்கினாலே கோணம் அமைந்துவிடும் என்பது இதன் வசதி. ஸ்பைடர்கோவின் ஷார்ப்மேக்கரில் மொத்தக் கோணம் 30, 40 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. பக்கத்துக்கு 15, 20. பிசிறு நீக்க இதைவிட வாகான ஏற்பாடு கிடைக்காது: 30-இல் தீட்டி, 40-இல் எடையே இல்லாமல் பக்கத்துக்கு மூன்று நான்கு இழுப்பில் முடித்துவிடலாம். கோணத்தை உயர்த்தும் வேலையைச் சாதனமே செய்துகொடுக்கிறது.

முதல் இழுப்பிலிருந்தே இடம் வலம் என்று மாற்றிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கத்தி நன்றாக மழுங்கியிருந்தால், சரிவு வாயை எட்டியதா என்பதே அதில் தெரியாது. அப்போது ஒரு பக்கம் பிசிறு எழும்வரை ஒரே கம்பியில் இழுத்து, பிறகு மறுபக்கம். கத்தியின் முனையைக் கம்பியை விட்டு வழுக்கி விழ விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முனை கம்பியின் மேலேயே நிற்கட்டும். இல்லையென்றால் முனை உருண்டுவிடும்.

மிக நயமான கல் வாங்கினால் பிசிறு தானாகக் குறையுமா?

சிறிய பிசிறு எழும், அவ்வளவுதான். நடுத்தரக் கல்லில் விட்டுவந்த பிசிறை அது தீர்க்காது, மெருகேற்றி வைக்கும். ஸ்பைடர்கோவின் நயமான வெள்ளைக் கல்லும் அதி நயமான வெள்ளைக் கல்லும் ஒரே பொருள்தான். மேற்பரப்பை இழைத்த விதம் மட்டும் வேறு. தக்காளி, கத்தரிக்காய், இறைச்சி வெட்டும் கத்திக்கு வாயில் கொஞ்சம் பிடிப்பு இருப்பதே நல்லது. நடுத்தரக் கல்லோடு நிறுத்தி, பிசிறை ஒழுங்காக நீக்கிய கத்தியை, பிசிறோடு கண்ணாடிபோல் மின்னும் கத்தியைவிட நான் விரும்பி எடுப்பேன். பணத்தை மூன்றாவது கல்லில் போடுவதற்கு முன் நேரத்தை முதல் கல்லில் போடுங்கள்.

கல்லை எப்படிச் சுத்தம் செய்வது?

பாத்திரம் தேய்க்கும் பொடி, நார், தண்ணீர். வட்டமாகத் தேய்த்தால் கறுப்பு இறங்கிவிடும். எண்ணெய் விடவே வேண்டாம். கீழே போட்டால் உடையும்.

பீங்கான் கோப்பையின் அடியில் தீட்டலாமா?

தாராளமாக. கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அதுவும் சுட்ட செராமிக்தான். பிசிறு பற்றி மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்: லேசான அழுத்தம், மாற்று இழுப்பு, கடைசியில் சற்று உயர்த்திய கோணம். வளையம் குறுகியது, அழுத்தம் ஒரே புள்ளியில் விழும் என்பதால் கையை இன்னும் தளர்த்த வேண்டும். கோப்பை நகராதபடி அடியில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் தீட்டிய கத்தியில் பிசிறு இருக்குமா?

இருக்கும், பெரும்பாலும் விரலுக்கே தட்டுப்படும் அளவுக்கு. வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரம் நொடியில் உலோகத்தை எடுத்துவிடும், பிசிறை நயமாக நீக்க அங்கே நேரமும் இல்லை, கல்லும் இல்லை. அவர் வேலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழுங்கிய வாயைச் சேர்த்துக் கொடுக்கும் கடினமான பகுதியை அவர் முடித்துவிட்டார். மிச்சம் உங்களுடையது. வீட்டில் ஒரே ஒரு செராமிக் கம்பி இருந்தாலும், பிசிறு சாய்ந்த பக்கத்தில் முதலில் மூன்று இழுப்பு, பிறகு மாற்றி மாற்றிச் சில இழுப்பு என்று முடித்தால் அந்தக் கூர் பல மடங்கு நாள் நிற்கும். வாயோரம் நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தால் எஃகு சூட்டில் பதம் இழந்திருக்கிறது. அந்த உலோகம் தேய்ந்து போகும்வரை அங்கே கூர் நிற்காது.

அரிவாள்மனையை எப்படிச் செய்வது?

அலகு நகராது, ஆகவே கம்பிதான் நகர வேண்டும். அலகின் முதுகுப் பக்கமாக உட்காருங்கள், வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். செராமிக் கம்பியை வாயில் வைத்து உங்களை நோக்கி, அதாவது வாயிலிருந்து முதுகுப் பக்கமாக இழுங்கள். பிசிறு நீக்கத் தேவையான திசையும் இதுதான், கைக்குப் பாதுகாப்பான திசையும் இதுதான்.

கடையில் கத்தியோடு கொடுக்கும் எஃகுக் கம்பி பிசிறை நீக்குமா?

நீக்காது. சாய்ந்த வாயை நிமிர்த்தும். பிசிறு இருந்தால் அதையும் நிமிர்த்தி வைத்து உங்களை ஏமாற்றும்.

ரொட்டிக் கத்தி, ஒருபக்கச் சரிவுக் கத்தி?

இரண்டிலும் சரிவு ஒரு பக்கம் மட்டும் இருக்கும், பிசிறு தட்டையான பக்கத்துக்குப் போகும். தட்டையான பக்கத்தைக் கல்லோடு முழுக்கப் படுக்கவைத்து ஒன்றிரண்டு லேசான இழுப்பு. அந்தப் பக்கத்தில் கோணம் வைக்கவே கூடாது. யனகிபா, டெபா போன்ற ஜப்பானியக் கத்திகளின் பின்புறம் குழிவாக இருப்பதால், படுக்கவைத்தாலும் வாயோரமும் முதுகோரமும் மட்டுமே கல்லில் படும்.

செராமிக் கத்திக்கும் இதே முறையா?

செராமிக் கத்தி சிர்க்கோனியாவால் ஆனது. மடங்காது, சில்லு உடையும். பிசிறு என்ற பேச்சே அதில் இல்லை. அதைத் தீட்ட வைரம் வேண்டும்.

பிசிறுத் துணுக்கு உணவில் கலந்துவிடுமா?

தீட்டியதும் ஈரத்துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் உதிர்ந்த தூள் போய்விடும். ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறுதான் பிறகு வெட்டும்போது உதிரும். அதை நீக்க இதுவும் ஒரு காரணம்.

உண்மையிலேயே நீங்கிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

தாளை வெட்டிப் பாருங்கள், சத்தத்தையும் இழுவையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மர வெட்டுப்பலகையில், காய் நறுக்கும் அதே வேகத்தில் இருபது முப்பது முறை வெறும் வெட்டு வெட்டுங்கள். மறுபடி அதே தாள். கூர் ஏறக்குறைய அப்படியே இருந்தால் வாய் நல்ல உலோகத்தால் ஆனது. தாள் கிழியத் தொடங்கினால் முன்பு வெட்டியது பிசிறு. நடுத்தரக் கல்லுக்குத் திரும்பி மாற்று இழுப்பிலிருந்து தொடங்குங்கள். கூரை எண்ணால் அறிய விரும்புகிறவர்களுக்கு, ஒரு மெல்லிய இழையை அறுக்க எத்தனை கிராம் விசை வேண்டும் என்று காட்டும் கருவிகள் கிடைக்கின்றன. பெஸ் எனப்படும் அந்த அளவுகோலில் சவரப் பிளேடு 50-ஐ ஒட்டி நிற்கும். பலகையில் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களின் இடைவெளிதான் இங்கே பார்க்க வேண்டியது.

அடுத்த முறை எப்போது தீட்டுவது? மறுபடி பிசிறு எழுப்ப வேண்டுமா?

தக்காளித் தோலில் கத்தி முதன்முதலாகத் தயங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் பிசிறு எழுப்பத் தேவையில்லை. நயமான கல்லில், கடைசியாக வைத்த உயர்த்திய கோணத்தில், பக்கத்துக்கு மூன்று நான்கு மாற்று இழுப்பு போதும். இப்படிப் பலமுறை செய்யச் செய்ய அந்தச் சிறு சரிவு அகன்றுகொண்டே வரும். வெறும் கண்ணுக்கே பளிச்சென்ற பட்டையாகத் தெரியத் தொடங்கும்போது நடுத்தரக் கல்லை எடுத்து, 20 டிகிரியில் முதலிலிருந்து தொடங்கலாம்.